பாய்மரத்தைத் தாங்கும் ஆணி

மத்திகிரியில் உட்கார்ந்துகொண்டு பாய்க்கப்பலைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் சிரிக்கக்கூடும். சமுத்திர மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறோம். கடலைக் காண எந்தத் திசையில் போனாலும் நெடுந்தூரப் பிரயாணம். ஆயினும் அடுத்திருக்கும் ஓசூர், இரும்பைக் கடைந்தும் துளைத்தும் பிழைக்கும் ஊர். போல்ட்டு, நட்டு, பின் என்றால் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்றைய விஷயமும் அத்தகைய சிறு உலோகத் துண்டுகளே. அவை இருக்கும் இடம் மட்டும் கடல்.

‘சுஹைலி’ என்றொரு பாய்ப்படகு. நீளம் 32 அடி. தேக்கில் பம்பாயில் கட்டி, 1964-ல் நீரில் இறக்கினார்கள். இதில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1968 ஜூன் 14-ல் இங்கிலாந்தை விட்டுத் தன்னந்தனியாகக் கிளம்பினார். எந்தத் துறைமுகத்திலும் நில்லாமல் உலகத்தைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22-ல் திரும்பி வந்தார். அந்தப் பந்தயத்தில் இறங்கியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் இவர் ஒருவரே. அவ்வாறு தனியாக, நில்லாமல் உலகைச் சுற்றிய முதல் மனிதரும் இவரே. நம் நாட்டுத் தச்சர்களின் கைவேலைக்கு இதைவிட நற்சாட்சி வேண்டுமா?

அத்தகைய படகில் பாய்மரம் எதனால் நிற்கிறது? தன் பலத்தினால் நிற்கிறது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் முன்னும் பின்னும் இரு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிவடங்களே அதை நிறுத்தி வைக்கின்றன. ஒவ்வொரு வடத்தின் அடியிலும் இறுக்குவதற்கு ஒரு டர்ன்பக்கிள். அதைப் படகின் உடம்போடு பிணைக்க ஓர் உலோகப் பட்டை. இரண்டையும் கோக்க விரல் பருமனில் ஒரு பின். அந்தப் பின் கழன்று விழாதபடி அதன் நுனியில் ஊசிபோல ஒரு பிளவாணி. சங்கிலியில் ஒரு வளையம் அற்றால் முழுச் சங்கிலியும் போயிற்றல்லவா? அதே கதைதான். பலத்த காற்றில் இவற்றில் ஒன்று முறிந்தால் பாய்மரம் சரிந்து விழ வெகு நேரமாகாது. அனுபவசாலியான மாலுமி அந்தக் கணமே படகைத் திருப்பி, காற்றை மறுபக்கத்தில் வாங்கி, முறிந்த பக்கத்தின் பாரத்தைக் குறைப்பான். அதற்கும் அவகாசம் கிடைக்க வேண்டுமே!

ஆகையால் பழைய படகு வைத்திருப்பவர்கள் அவ்வப்போது இவற்றைக் கழற்றிச் சோதிக்கிறார்கள். சோதிக்கும் முறை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் பிடிக்கும். கம்பிவடத்தின் மேல் ஒரு பழந்துணியை ஓட்டினால், அறுந்த இழை ஏதாவது இருந்தால் துணியைக் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். கையால் தடவினாலோ ரத்தம்தான் மிஞ்சும்! பித்தளைச் சாமானில் செந்நிறம் பாய்ந்திருந்தால், உள்ளிருந்த துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று அறிந்து அதை ஒதுக்கிவிட வேண்டும். பழைய வெண்கலம் பச்சைப் பாசி பூத்திருந்தாலும் உள்ளே திடமாக இருக்கக்கூடும்.

பெரிய மோசக்காரன் துருப்பிடிக்காத எஃகுதான். அதைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியப் படலம். அந்தப் படலம் கீறல் பட்டாலும் தானே வளர்ந்துவிடும். ஆனால் வளர்வதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு தேவை. உலோகப் பட்டை மேல்தளப் பலகைக்குள் நுழையும் இடத்தில் உப்பு நீர் கசிந்து தேங்கும், காற்றோ புகாது. அங்கே படலம் அழிந்து, உலோகம் குழி குழியாக அரித்துப் போகிறது. வெளியே தெரியும் பாகமெல்லாம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருக்கும்! சந்தேகத்துக்கு இடமான பாகத்தை நன்றாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசி, சற்றுப் பொறுத்துச் சாயத்தை வழித்துவிட்டு, வெள்ளை மருந்தை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சிவந்த கோடாகத் தன்னைக் காட்டிக் கொடுக்கும். உலோகப் பட்டறைகளில் வேலை செய்வோருக்கு இந்தப் பரீக்ஷை புதிதன்று.

மாற்றும்போதும் முறை உண்டு. பாய்மரத்துக்கு வேறு கயிற்றால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒரு வடத்தை முடித்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும். பின்னும் துளையும் அளவு ஒத்திருக்க வேண்டும். தொளதொளவென்று ஆடினால் தேய்ந்து போகும். வெவ்வேறு உலோகங்களை நேராகச் சேர்த்தால், உப்பு நீர் பட்டதும் மின்கலம்போல் ஆகி, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். கழற்றிய பிளவாணியை நிமிர்த்தி மறுபடி செருகக் கூடாது. அதன் விலை சில ரூபாய்தான். அதை நம்பி நிற்பதோ ஓர் உயிர்.

“பழையதை மாற்றிவிட்டால் அது பழைய படகாகுமா?” என்று கேட்கலாம். சுஹைலியே இதற்குப் பதில் சொல்கிறது. சில ஆண்டுகள் அதை லண்டன் கிரீனிச்சிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பத்திரத்தினாலேயே அதற்குக் கேடு வந்தது. உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்கலாயின. 2002-ல் அதை மீட்டுக்கொண்டு போனார்கள். பலகைகளைப் பிணைத்திருந்த இரும்பு ஆணிகள் துருவேறிப் போயிருந்தன. அவற்றைக் களைந்து புதியவை அடித்தார்கள். படகு மறுபடியும் கடலில் மிதந்தது. பம்பாய்த் தேக்கு இன்னும் தேக்காகவே இருக்கிறது. ஆணியை மாற்றியதால் அதன் பெருமை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

நம்மிடையே பழமையைப் போற்றுவோர் அநேகர். துடைத்து, பொட்டு வைத்து, மாலை போடுவதோடு போற்றுதல் முடிந்துவிடுகிறது. கழற்றிப் பார்ப்பது அபசாரம் என்றுகூட எண்ணுகிறோம். பாட்டனார் காலத்து ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு மெருகு ஏற்றுகிறோம்; பித்தளைச் சங்கிலியைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். ஆனால் உத்தரத்துக் கொக்கியில் சங்கிலி உராயும் உட்புறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர் எத்தனை பேர்? அந்த ஊஞ்சலில் ஆடுவது குழந்தைகள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏணியை எடுங்கள். பலகை பாட்டனாருடையதாகவே இருக்கட்டும். கொக்கி தேய்ந்திருந்தால் மட்டும் புதிதாக வாங்குங்கள்.