பட்டம் ஒன்று, பணி வேறா?



பழனி, திண்டுக்கல் பகுதிகளில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு மனக்குறை கேட்கின்றது. "நகையை விற்று மகனை மெக்கானிகல் இன்ஜினியரிங் படிக்க வைத்தோம். அவனோ கம்ப்யூட்டர் நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறான். நான்காண்டுப் படிப்பும் வீண்தானே?" என்று அத்தாமார்கள் வருந்துகின்றனர்.

வீண் அன்று. ஆனால், கவனியாது விட்டால் வீணாகிவிடும்.

கொடைக்கானல் மலையைப் பாருங்கள். 1899இல் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் அங்குள்ளது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. அவற்றை ஆராய்வதற்குப் புரோகிராம்கள் துணை செய்கின்றன. எனினும், படத்தில் தெரியும் கறை சூரியனில் உள்ளதா, தகட்டில் விழுந்த கீறலா? அதைப் பிரித்தறியக் கணினிக்குக் கற்பிப்பவர் தொலைநோக்கியின் இயக்கத்தையும் அறிந்திருக்க வேண்டாமா?

எஃப்.சி. கோலி மின் பொறியியல் கற்றவர். டாடா மின் நிறுவனத்தில் பணியாற்றுகையில், 1960களிலேயே மின்சாரக் கட்டமைப்பை நடத்தக் கணினியைப் பயன்படுத்தினார். பின்னர் 1968இல் தொடங்கப்பட்ட டி.சி.எஸ். நிறுவனத்தை வளர்த்தவரும் அவரே. மின்சாரத்தை அவர் கைவிட்டுக் கணினிக்கு வரவில்லை. மின்சாரமே அவரைக் கணினியிடம் அழைத்து வந்தது.

'அல்காரிதம்' என்னும் சொல்லுக்குத் தம் பெயரைத் தந்த அல்குவாரிஸ்மி, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்தவர். அவருடைய இயற்கணித நூல் பாகப்பிரிவினைக்கும், நில அளவைக்கும், கால்வாய் வெட்டுவதற்கும் பயன்படவே எழுதப்பட்டது. கணக்கு ஒரு தொழிலைத் தொட்டபோதுதான் பயன் தந்தது.

இளைஞர்களே! எந்தப் பிரிவில் பட்டம் பெற்றவரையும் எடுத்துப் பயிற்சி தரும் நிறுவனங்கள் உண்டு. அங்கே உங்கள் பாடத்துக்குத் தொடர்பில்லாத வேலையே கிடைக்கலாம். சம்பளம் வரும், கற்றது மெல்ல மறக்கும். ஆகவே, கல்லூரியிலேயே புரோகிராம் எழுதப் பழகுங்கள். இறுதியாண்டுப் பிராஜெக்டை உங்கள் துறையிலேயே செய்யுங்கள். சிவில் படித்தவர் பாலம் தாங்கும் பாரத்தைக் கணக்கிடட்டும். மெக்கானிகல் படித்தவர் நூற்பாலை இயந்திரத்தின் அதிர்வை அளக்கட்டும். வேலையில் சேர்ந்தபின், உங்கள் பாடத்தைத் தொடும் பிரிவைக் கேட்டுப் பெற முயலுங்கள்.

பெற்றோர்களே! "என்ன சம்பளம்?" என்பதோடு, "நீ படித்தது அங்கே பயன்படுகிறதா?" என்றும் மகனிடமும் மகளிடமும் கேளுங்கள். விற்ற நகைக்கு உரிய பதில் அந்தக் கேள்வியில்தான் உள்ளது.