ரத்தான பயணங்களும் தளர்ந்த விதியும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பறக்கவில்லை. தில்லியிலிருந்து புறப்பட வேண்டிய அந்நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்கள் அனைத்தும் அன்று நள்ளிரவு வரை நிறுத்தப்பட்டன. முனையங்களில் உரியவரைத் தேடிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. தம் திருமண வரவேற்புக்கே வந்துசேர இயலாத மணமக்கள் காணொளியில் தோன்றி விருந்தினரை வணங்கிய அவலமும் நேர்ந்தது.

புயலும் மூடுபனியும் இதற்கு முதற்காரணமல்ல. விமானிகளின் களைப்பு பயணியரின் உயிருக்கு ஊறு விளைவிக்கும் என்பதால், அவர்தம் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவுத் தரையிறக்கங்களை வாரத்துக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியிலேயே விதி வகுத்தது. அதன் இரண்டாம் கட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பர் 1 அன்று. இத்தனை நீண்ட அவகாசம் இருந்தும், உள்நாட்டுப் பயணியரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஆயத்தமாகவில்லை. அதனினும் வருந்தத்தக்கது அரசு கண்ட தீர்வு. ஆயத்தமாகாத நிறுவனத்துக்காக விதியே தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. சேவையில் பத்து விழுக்காட்டைக் குறைக்குமாறு பின்னர் ஆணையிட்டது சரியே. எனினும் ஆளில்லா அட்டவணைக்கு முதலில் ஒப்புதல் அளித்தவர் யார்?

மற்ற நிறுவனங்களின் கட்டணம் விண்ணை முட்டியபோது அரசு உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். இவ்வுச்சவரம்பை இழப்பீட்டு விதியோடு ஒப்பிட்டால் பயணியின் நிலை விளங்கும். உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பயண நேரத்துக்கேற்ப 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் எது குறைவோ அதுவே இழப்பீடு. மாதங்களுக்கு முன்னரே குறைந்த விலையில் சீட்டு வாங்கிய குடும்பத்துக்கு அச்சிறு தொகையே மிஞ்சும். மாற்றுச் சீட்டோ பன்மடங்கு விலை. ரயிலை நாடலாம் எனில், அங்கு 60 நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. விடுமுறைக் காலத்தில் கடைசி நேரத்தில் இடம் கிட்டுவது அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சீட்டின் விலையைப் பாராமல், தொலைவை அளவுகோலாகக் கொண்டு 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு வரையறுக்கப்பட்டுள்ளது. நம் விதியிலுள்ள 'எது குறைவோ அது' என்னும் வரம்பு நீக்கப்பட வேண்டும். கேட்டவருக்கு மட்டுமன்றி, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் அத்தொகை தானாகவே சென்றுசேர வேண்டும்.

அதுவரை பயணியர் சிலவற்றில் விழிப்பாயிருத்தல் நன்று. பதற்றத்தில் தாமே சீட்டை ரத்து செய்துவிட்டால் இழப்பீடு கோரும் உரிமை நலியும். நிறுவனம் ரத்து செய்தது என்னும் குறுஞ்செய்தியே முதற்சான்று. அதையும், உணவுக்கும் விடுதிக்கும் செலவிட்ட பற்றுச்சீட்டுகளையும் பாதுகாக்க வேண்டும். மாற்று விமானமா, முழுப் பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பது பயணியின் உரிமை. விமானப் பயணக் குறைகளுக்கான அரசின் ஏர்சேவா இணையதளத்திலும், 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டாண்டு அவகாசம் உண்டு.

ஆனால், ஒவ்வொரு பயணியும் தனித்தனியே வழக்காடித்தான் நீதி பெற வேண்டும் என்பது நல்லாட்சிக்கு அழகன்று. இனி எந்த விடுமுறைக் கால அட்டவணைக்கும் ஒப்புதல் தருமுன், அதை இயக்கப் போதிய விமானிகள் உள்ளனர் என்பதற்கான சான்றை நிறுவனங்களிடம் கேட்டுப் பெறுவதும், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும் இயக்குநரகத்தின் கடமை.