ஒரு சட்டைக்குக் கணக்கு

1920 ஜனவரி 1. பாரிஸில் ஸ்காட்லாந்துக்கும் பிரான்சுக்கும் ரக்பி. முதல் உலகப் போருக்குப் பிறகு ஸ்காட்லாந்து ஆடிய முதல் சர்வதேச ஆட்டம் அது.

ஆடப்போனவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ வீம்ஸ். எல்லோருக்கும் ஜாக் வீம்ஸ். 1914இல் நாட்டுக்காக இரண்டு ஆட்டம் ஆடியவர். போருக்குப் போய் ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

உடை மாற்றும் அறையில் அவருக்கு அரைக்கால் சட்டை இருந்தது, காலுறை இருந்தது, மேல்சட்டை மட்டும் இல்லை. கேட்டதற்கு, 1914லேயே ஒன்று கொடுத்தாயிற்று, அதையல்லவா கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னார்களாம். மனிதர் வெற்று மார்போடு மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார், அதன் பிறகுதான் சட்டை வந்தது என்று ரக்பி வட்டாரத்தில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போரில் ஸ்காட்லாந்து ரக்பி அணிக்கு ஆடியவர்கள் மட்டும் சுமார் 30 பேர் மாண்டார்கள். உயிரோடு வந்தவரிடம் பழைய சட்டைக்குக் கணக்குக் கேட்கிறார்கள்! முப்பது வருடம் அலுவலகத்தில் பேரேடு பார்த்தவன் நான். இந்த ரகக் குறிப்பை எழுதும் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்து ரக்பியில் ஆட்டக்காரருக்குக் காசு கிடையாது. காசுக்கு ஆடாதது ஒரு பெருமைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது யார்? வேலைக்குப் போகாத நாளின் கூலியையாவது கொடுங்கள் என்று இங்கிலாந்தின் வடபகுதி கிளப்புகள் கேட்டன. மறுத்தார்கள். 1895இல் அந்தக் கிளப்புகள் பிரிந்துபோய்த் தனி ஆட்டமே உண்டாக்கிக்கொண்டன. வசதி உள்ளவனுக்கு இலட்சியம், இல்லாதவனுக்குப் பட்டினி. ஸ்காட்லாந்து சங்கம் ஒன்றும் ஏழைச் சங்கம் இல்லை. 1899லேயே எடின்பரோவில் இன்வர்லீத் என்ற சொந்த மைதானம் வைத்திருந்தது. நுழைவுச் சீட்டு வாங்கித்தான் ஜனங்கள் உள்ளே போனார்கள். காசு தொடக் கூடாது என்ற விரதம் ஆடுகிறவனுக்கு மட்டும்தான்.

ஆட்டத்துக்கு வருவோம். பிரான்ஸ் அணியில் லூபான் லெப்ரேருக்கும் போரில் ஒரு கண் போயிருந்தது. இரண்டு அணியும் தோளோடு தோள் பின்னி, தலையை நுழைத்து முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்'மில் இருவருமே முன்வரிசைக்காரர்கள். ஸ்காட்லாந்து 5-0 என்று ஜெயித்தது.

சட்டை விஷயத்தில் வீம்ஸ் கோபித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1922இலும் நாட்டுக்கு மூன்று ஆட்டம் ஆடினார். மொத்தம் ஏழு. பிறகு ரக்பி பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்.

ஆட்டக்காரர் காசு வாங்கலாம் என்று சங்கங்கள் ஒத்துக்கொள்ள 1995 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே வீம்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். 1922இல் அழைப்பு வந்தபோது, 1920 சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் முதலில் வைத்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.