கார் ஊஃபர் வீட்டுக்கு ஆகாதாம்!

"சார், அது கார் ஊஃபர். காருக்குத்தான் ஆகும். வீட்டுல வெச்சா ஒண்ணும் வராது. அதை எடைக்குப் போட்டுட்டு புதுசா ஒரு ஹோம் தியேட்டர் எடுத்துக்குங்க."

வேலூரில் நான் ஏறி இறங்கிய நாலு கடைகளிலும் இதே வசனம்தான். நாலு பேரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டவர்கள் போல ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தார்கள். இதில் கால் பங்கு உண்மை, முக்கால் பங்கு வியாபாரம். அந்தக் கால் பங்கு உண்மையைக் காட்டித்தான் மீதி முக்காலையும் நம் தலையில் கட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில், காட்பாடி தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும், டிக்கியில் சப்-ஊஃபர் வைக்காத டிராவல்ஸ் வண்டி அபூர்வம். வண்டியை விற்கும்போது, வாங்குபவன் அதற்குத் தனியாக ஒரு பைசா தரமாட்டான் என்பதால் பையன்கள் கழற்றி வைத்துக்கொள்வார்கள். பிறகு அது பரணுக்குப் போகும். அதற்குப் பிறகு பழைய இரும்புக்காரரிடம் போகும். பத்துப் பன்னிரண்டு அங்குல ஊஃபர், கனமான காந்தம், ரப்பர் விளிம்பு, இன்னும் இருபது வருஷம் உழைக்கக்கூடிய சாமான். அதைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டு, மகன் தவணையில் ஒரு சவுண்ட்பார் வாங்கி வருகிறான். அதன் கூட வரும் குட்டிப் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் ஆறு அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும். வட்டத்தின் பரப்பு கணக்கு பள்ளிப் பாடம். பன்னிரண்டு அங்குலக் கூம்பு, ஆறு அங்குலக் கூம்பைப் போல நாலு மடங்கு காற்றைத் தள்ளும். அடி ஸ்தாயி என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. இங்கே சின்னதுக்குக் கீர்த்தி பெரிசு என்ற பழமொழி செல்லாது.

அடுத்தது வாட். இருபது முப்பது வருஷமாக இந்த நாட்டில் கேட்பாரில்லாமல் நடக்கிற ஒரு மோசடி இது. அட்டைப்பெட்டியின் மேல் தீப்பொறி பறக்கிற எழுத்தில் "10,000 வாட் பி.எம்.பி.ஓ." என்று போட்டிருப்பான். அதே செட்டைத் திருப்பி, மின்கம்பி நுழைகிற இடத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 60 வாட், மிஞ்சினால் 100 வாட் என்று இருக்கும். சுவரிலிருந்து அறுபது வாட் எடுக்கிற சாமான் பத்தாயிரம் வாட் சத்தம் கொடுக்குமா? ரேஷன் கடையில் ஐந்து கிலோ வாங்கி ஐந்நூறு கிலோ விற்றதாகக் கணக்கு எழுதினால் தணிக்கைக்காரர் விடுவாரா? ஆயுள் முழுக்கக் கோப்பில் கூட்டல் கழித்தல் பார்த்தவனுக்கு இது வயிற்றெரிச்சல். நிஜமாகவே பத்தாயிரம் வாட் இழுத்தால், ஒன்றரை டன் ஏ.சி. ஆறு ஒன்றாக ஓடுவது போல மீட்டர் சுற்றும். பி.எம்.பி.ஓ. என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அவனவன் வாய்க்கு வந்தது அவனவன் வாட். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய வாட். அதை மட்டும் கேளுங்கள். கடைப்பையன் விழித்தால், பின்பக்கச் சீட்டை அவனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவில் அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. நம் வீட்டுக் கூடத்துக்கு நிஜமான 50 வாட் தாராளம்.

சரி, அந்தக் கால் பங்கு உண்மை என்ன? காரில் இருந்த பெட்டியை அப்படியே தூக்கிக் கூடத்தில் வைத்தால் ஏமாற்றம்தான். டிக்கியில் இடம் மிச்சம் பிடிக்கப் பெட்டியைச் சின்னதாகச் செய்கிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி. பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் விறைக்கும், ஆழமான அடி ஒலி குறைந்து, "டொம் டொம்" என்ற ஒரே ஒலி தூக்கி நிற்கும். கண்ணாடி ஏற்றிய காரின் சின்ன அறை, குறைந்துபோன அடி ஒலியைத் தானே தூக்கிக் கொடுத்து ஈடுகட்டிவிடும். வீட்டுக் கூடம் பெரிசு, ஜன்னல் திறந்திருக்கும், அந்தத் தயவு அங்கே கிடையாது. குற்றம் பெட்டியுடையது. கடைக்காரர் அதை ஊஃபர் மேல் எழுதிவிடுகிறார்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பீக்கரை "ஓ-பார்லர்" என்பார்கள், உரத்துப் பேசுவது என்று பொருள். சப்-ஊஃபரை மட்டும் "கேஸ்ஸோன் த பாஸ்" என்பார்கள். கேஸ்ஸோன் என்றால் பெரிய பெட்டி. அடி ஒலிப் பெட்டி! பெயரிலேயே பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்ன ஊஃபருக்கு இன்ன கொள்ளளவுப் பெட்டி என்று கணக்குப் போட அப்போதே வழி பிறந்துவிட்டது. நல்ல கம்பெனி ஊஃபருடன் வரும் காகிதத்தில் பெட்டியின் அளவு போட்டிருக்கும். அந்தக் காகிதத்தைத்தான் நம் பையன்கள் முதலில் குப்பையில் போடுகிறார்கள்.

காகிதம் தொலைந்திருந்தால், பன்னிரண்டு அங்குல ஊஃபருக்கு உள்ளளவு மூன்று பக்கமும் 13 அங்குலம் வைத்து, ஓட்டை எதுவும் இல்லாத மூடிய பெட்டியாக ஆரம்பியுங்கள். 36 லிட்டர் வரும். இடம் இருந்தால் கொஞ்சம் பெரிசாகவும் போகலாம். 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே குறுக்குக் கட்டை ஒன்று, கொஞ்சம் தலையணைப் பஞ்சு. காற்று ஒரு ஊசிமுனையளவும் கசியக் கூடாது. ஊஃபர் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் தோல் வளையம் ஒன்று வெட்டி வையுங்கள். சிரிக்காதீர்கள். சைக்கிள் பம்பிலும் பம்ப் ஸ்டவ்விலும் காற்றை அடைத்தது தோல் வாஷர்தானே? 1920, 30-களில் வந்த ஸ்பீக்கர்கள் சிலவற்றில் கூம்பின் விளிம்பே மெல்லிய தோல்தான். ஆம்பூரில் இருந்துகொண்டு இதற்கு ரப்பர் ஷீட் தேடி அலைவது, கடற்கரையில் உட்கார்ந்து உப்புக்குக் கடன் கேட்கிற மாதிரி.

இனிமேல்தான் ஆபத்தான இடம். ஊஃபர் மட்டும் போதாதென்று கார் ஆம்ப்ளிஃபயரையும் வீட்டில் ஓட்டப் பார்க்கிறார்கள். அது 12 வோல்ட் சாமான். நிஜமான 300 வாட் தருகிற ஆம்ப் என்றால், வீணாகும் சூட்டையும் சேர்த்து, முழுச் சத்தத்தில் 30 ஆம்பியருக்கு மேல் கேட்கும். செட்டாப் பாக்ஸ் அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர், மொத்தம் 24 வாட். அதை மாட்டிவிட்டு "கார் ஆம்ப் வேஸ்ட்" என்கிறான் ஒருவன். இன்னொருவன் துணிச்சல்காரன், நேரே இன்வெர்ட்டர் பேட்டரியில் கொக்கி போடுகிறான், பியூஸ் கிடையாது. பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும், ஒயர் தீப்பிடிக்கும். கார் ஆம்பைக் காரோடு விட்டுவிடுங்கள். 230 வோல்ட்டில் ஓடுகிற, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் ஒன்றைத் தெரிந்த மெக்கானிக்கிடம் அசெம்பிள் செய்து வாங்குங்கள். அடி ஒலியை மட்டும் பிரித்து அனுப்பும் ஃபில்டர் அதில் இருக்கட்டும். 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வைத்தால் போதும். வேலூர் வெயிலை நினைத்து ஹீட் சிங்க்கைப் பெரிசாகப் போடச் சொல்லுங்கள்.

ஓம் கணக்கிலும் கவனம் வேண்டும். கார் ஊஃபர் பெரும்பாலும் 4 ஓம், வீட்டு ஆம்ப் பலவும் 6 அல்லது 8 ஓம் எதிர்பார்க்கும். இரட்டைக் காயில் உள்ள ஊஃபரில் நாலும் நாலும் தொடராக இணைத்தால் 8 ஓம், பக்கவாட்டில் இணைத்தால் 2 ஓம். இரண்டாவது இணைப்பில் ஆம்ப் புகைவிடும். பழைய ஊஃபர் வாங்கப் போனால் மல்டிமீட்டர் கொண்டு போங்கள். 4 ஓம் காயில் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டும். இரண்டு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் காயில் கருகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் காயில் கட்டித் தருகிறவர்கள், திருவிழா சவுண்ட் சர்வீஸ் உள்ள ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நாம் வேலை கொடுத்தால்தான் இனியும் இருப்பார்கள். "ரிப்பேரா, புதுசே வாங்கிடலாமே" என்கிற கூட்டத்தோடு எனக்குள்ள பெரிய சண்டையே இதுதான். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த ஆற்றங்கரைக் குப்பைமேட்டில் நல்ல நிலையில் உள்ள செட்டுகளையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?

இவ்வளவு பரிந்து பேசுகிற நான், இளவட்டங்களுக்குச் சாதகமாகவே பேசி முடிப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊஃபர் சுவரை அதிர வைப்பதற்காக அல்ல. தவிலின் தொப்பி தவிலாகக் கேட்க, இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே நடக்கிறது என்று தெரிய, அதற்குத்தான். வயதானால் முதலில் குறைவது மேல் ஸ்தாயி. நம்மைப் போன்றவர்களுக்கு அடி ஒலி நன்றாகவே கேட்கும், ஆனால் அதைக் கூட்டினால் படத்தில் பேசுகிற வசனம் அதில் மூழ்கிவிடும். பாதி வீட்டில் "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்பது இதனால்தான்.

அண்டை வீட்டு விஷயம் இன்னும் மோசம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. ஆனால் அதை அளக்கிற 'ஏ' அளவுமுறை மனிதக் காதைப் பின்பற்றுவதால் 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டரில் சட்டத்துக்குள் இருக்கிற சத்தம், பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற கிழவியின் கட்டிலை ஆட்டும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 28 அடி. ஒன்பது அங்குலச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஊஃபரை மூலையில் தள்ளி வைத்தால் இன்னும் ஊதும். எனவே தம்பிமார்களே, மீட்டரை நம்ப வேண்டாம். பாட்டை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் சமையலறை அலமாரிக்கு முன்னால் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். எவர்சில்வர் டம்ளர் ஒன்று சிணுங்கினாலும், திரும்பிப் போய் அந்தக் குமிழை இடது பக்கம் திருப்புங்கள்.