அண்ணாமலையார் ஊரில் வியட்நாம் கடை: யாருக்கய்யா தீட்டு?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கும் எழுதற மூடு இல்லைதான். ஆனா எங்க பெரியப்பா எழுத வச்சிட்டாரு.

போன வாரம் கிளாம்பாக்கத்துல பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா திருவண்ணாமலை. செங்கம் ரோட்டுல இருந்து பிரியற ஒரு தெருவுல புதுசா ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காங்க. (பேர் வேண்டாம். விளம்பரமும் இல்லை, வில்லங்கமும் இல்லை.) அம்மாவைக் கூட்டிட்டுப் போய் சாப்பிட்டுட்டு வந்தேன். அவ்வளவுதான் செஞ்ச தப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்த பெரியப்பா ஆரம்பிச்சாரு.

"ஏன்டா தம்பி, அக்னி ஸ்தலம்டா இது. இங்க வந்து கண்டதைத் துன்றவன் சாப்பாட்டை ஊர்ல கொண்டாந்து வக்கிறானுங்கோ, நீயும் உங்கம்மாவை இட்டுகினு போயி துன்னுட்டு வர்றியே? மீனை அழுக வச்ச தண்ணிடா அது! ஊரு தீட்டாயிடுச்சுடா."

பெரியவர் கிட்ட எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு அங்க வாயை மூடிக்கிட்டேன். இங்க மூட முடியாது. ஒவ்வொண்ணா வருவோம்.

குற்றச்சாட்டு 1: இது அந்நிய சாப்பாடு

நாங்க சாப்பிட்டது மூணு ஐட்டம். கோழி போட்ட ஃபோ, நெம், அப்புறம் பான் சேயோ.

ஃபோன்னா பெருசா ஒண்ணுமில்லை. அரிசி மாவுல செஞ்ச பட்டை பட்டையான சேவை, மேல கொதிக்கக் கொதிக்க எலும்பு சூப்பு, தழை, எலுமிச்சம்பழம். பான் சேயோ அரிசி மாவு, மஞ்சள் தூள், தேங்காய்ப் பால் கலந்து சுடற மொறுமொறு தோசை. உள்ளே பாசிப்பருப்பு வேற வைக்கிறாங்க. நெம்முன்னா அரிசித் தாள்ல கறியைச் சுருட்டி எண்ணெய்ல பொரிக்கிறது. அதைக் கீரை இலையில புதினாவோட வச்சு மடிச்சுத் திங்கணும்.

அரிசி, தேங்காய், மஞ்சள், பாசிப்பருப்பு, புதினா. இதுல எது பெரியப்பா அந்நியம்? சாம்பார்ல மிதக்கற தக்காளியும் பூரிக்கு வைக்கிற உருளைக்கிழங்கும் மிளகாயும்தான் அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பல்ல வந்த சரக்கு. அதனாலதான் இன்னிக்கும் பல கோயில் மடப்பள்ளியிலயும் திவசச் சமையல்லயும் மிளகாயை ஒதுக்கிட்டு மிளகு போடறாங்க. பெரியப்பாவுக்கு மிளகாய் பஜ்ஜின்னா உயிரு. அது மட்டும் எப்போ சுத்தத் தமிழ்ப் பலகாரமாச்சு?

அம்மா ஃபோ கிண்ணத்தை மோந்து பார்த்துட்டு முதல்ல சொன்னது, "பிரியாணி வாசனை வருதே தம்பி." அம்மா மூக்கு கரெக்ட். அந்த சூப்புல போடறது அன்னாசிப்பூவும் பட்டையும். அன்னாசிப்பூ விளையறதே வியட்நாமோட வடக்கு மலையிலயும் அதை ஒட்டின தெற்குச் சீனாவுலயும்தான். பட்டைன்னு நாம மளிகைக் கடையில வாங்கறதுல கணிசமான பங்கு வியட்நாம் காட்டுல இருந்து வர்றதுதான். பக்கத்து ஆம்பூர் பிரியாணியை ரெண்டு பிளேட் வெட்டும்போது வியட்நாமைத்தான் மெல்லுறோம். அப்போ வராத தீட்டு இப்போ எங்கிருந்து வந்துச்சு?

குற்றச்சாட்டு 2: அழுகின மீன் தண்ணி

நுவோக் மாம்னு சொல்றாங்க. நெத்திலியையும் உப்பையும் தொட்டியில போட்டு மாசக் கணக்குல புளிக்க விட்டு வடிக்கிற சாறு. நாத்தம் அடிக்கும், ஒத்துக்கறேன். எங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது மட்டும் மல்லிப்பூ வாசனையா வருது? அந்தக் குழம்பை மறுநாள் பழைய சோத்துக்கு ஊத்திக்கிற மனுஷன்தான் இதைப் பேசறாரு. உப்புல போட்ட மீன் நம்ம வீட்டுல இருந்தா கருவாடு, அடுத்தவன் வீட்டுல இருந்தா அழுகின மீன். இதுக்கு பேரு சுத்தம் இல்லை பெரியப்பா.

குற்றச்சாட்டு 3: சிவஸ்தலத்துல அசைவமா?

இது கொஞ்சம் சீரியஸான மேட்டர். கிரிவலம் போறவங்க அன்னிக்கு கவுச்சி தொட மாட்டாங்க. 14 கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்கறவங்களோட விரதத்தை நான் கிண்டல் பண்ணலை. எங்கம்மாவும் பௌர்ணமிக்கு நடக்கறவங்கதான். ஆனா விரதம்கறது நடக்கறவங்க ஏத்துக்கிட்டது. ஊர் முழுக்க அடுத்தவன் தட்டுல திணிக்கிறதுக்குப் பேரு விரதம் இல்லை.

சிவன் பேரைச் சொல்லி பேசறவங்க அறுபத்து மூவர் வரிசையில கண்ணப்பரையும் கொஞ்சம் பார்க்கணும். காளத்தியில பன்னிக் கறியைத் தானே கடிச்சுப் பதம் பார்த்துட்டு சாமிக்கு வச்ச வேடன். அவருக்கு நாயன்மார் வரிசையில இடம் குடுத்த மதத்துல, ஒரு கிண்ணம் கோழி சூப்புக்கு இடம் இல்லையா?

இன்னொண்ணு. வியட்நாம்ல பௌத்தர்கள் நிறைய பேரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கவுச்சி தொட மாட்டாங்க. அன்னிக்கு சைவக் கடையில கூட்டம் அள்ளும். டோஃபுவும் காளானும் போட்டு அதே ஃபோவை சைவமாவே பண்ணுவாங்க. நம்ம ஊரு கணக்கும் அவங்க கணக்கும் ஒரே நிலாவைத்தான் பார்க்குது.

அட, அந்த நாட்டு நடுவுல மீசோன்னு ஒரு இடத்துல சாம் ராஜாக்கள் கட்டின சிவன் கோயில்களே இருக்கு. 1999ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. 2020ல நம்ம தொல்லியல் துறை அங்க புதுப்பிக்கிற வேலை பார்க்கும்போது ஒரே கல்லுல செஞ்ச லிங்கம் ஒண்ணு வெளிய வந்துச்சு. அந்தப் படத்தை குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டு "ஓம் நமசிவாய"ன்னு எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் பெரியப்பா!

வியட்நாமை ஒரு பாண்டியன் ஆண்டான்னு ஒரு ஃபார்வர்டு சுத்துதில்ல, அதையும் மாசம் ஒருக்கா போடுவாரு. (அதுக்கு ஆதாரமா காட்டற வோ கான் கல்வெட்டு சமஸ்கிருதத்துல இருக்கு. அதுல வர்ற ஸ்ரீமாறன் பாண்டியன்தான்னு கல்வெட்டு சொல்லலை. அதெல்லாம் தனிப் பதிவு.) தூத்துக்குடியில 2025 ஆகஸ்ட்ல வியட்நாம் கார் கம்பெனி வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தப்போ, "பையனுக்கு அங்க வேலை கிடைக்குமா பாரு"ன்னு எனக்கே போன் பண்ணாரு. வியட்நாமோட லிங்கம் வேணும், வியட்நாமோட கார் வேணும், வியட்நாமோட வேலை வேணும். வியட்நாம்காரன் சாப்பாடு மட்டும் தீட்டு. நல்லா இருக்கே கதை!

இப்போ கொஞ்சம் கொசுவத்தி

நான் இஞ்சினியரிங் படிச்சது பாண்டிச்சேரியில. எங்க ஊர்ல இருந்து 100 கிலோமீட்டர் சொச்சம். ரூம்மேட் வீட்டுல ஒரு ஆயா இருந்தாங்க. சைகோன்ல பொறந்த வியட்நாம் பொண்ணு. கட்டிக்கிட்டது பிரெஞ்சு ராணுவத்துல இருந்த பாண்டிச்சேரி தமிழரை. நாங்க போற ஞாயித்துக்கிழமையெல்லாம் நெம் சுட்டுத் தருவாங்க. பாண்டிச்சேரியில நெம்முங்கறது பல வீட்டுல பண்டிகைப் பலகாரம் மாதிரி. இதைத்தான் நம்மாளு புதுசுங்கறான்.

வரலாறு இதுதான். 1859ல பிரெஞ்சுக்காரன் சைகோனைப் பிடிச்சான். பாண்டிச்சேரி, காரைக்கால்ல இருந்து நம்மாளுங்க அங்க குமாஸ்தா, சுங்கம், போலீஸ்னு வேலைக்குப் போனாங்க. 1881ல ஒரு ஆணை வந்துச்சு: சாதி வழக்கம் சார்ந்த சட்டத்தை உதறிட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்டா சம உரிமைன்னு. அப்படி உதறினவங்கள்ல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களும் கிறிஸ்தவங்களும் நிறைய. ஊர்ல கிடைக்காத மரியாதையைத் தேடி சைகோனுக்குக் கப்பல் ஏறினாங்க. செட்டியார்கள் வட்டிக்கடை வச்சாங்க, முஸ்லிம்கள் துணிக்கடை வச்சாங்க. சைகோன் மாரியம்மன் கோயிலுக்கு இன்னிக்கும் வியட்நாம் ஜனங்க ஊதுவத்தியோட வந்து கும்பிடறாங்க. அந்த ஊர்ல தேங்காய்ப் பால் விட்டு வைக்கிற கோழிக் குழம்புக்குப் பேரே "காரி". நம்ம கறிதான். 1954ல பிரெஞ்சு ஆட்சி அங்கயும் முடிஞ்சு இங்கயும் முடிஞ்சுது. 1975ல சைகோன் விழுந்துச்சு. அந்த வருஷங்கள்ல பல குடும்பங்க வியட்நாம் பொண்டாட்டி, புள்ளைங்களோட திரும்பி வந்தாங்க.

அந்த ஆயா அரை நூற்றாண்டு பாண்டிச்சேரியில இருந்தாங்க. என்னை விட நல்லா தமிழ் பேசுவாங்க. ஆனா கடைசி வரைக்கும் தெருவுல அவங்க பேரு "சைகோன்காரி"தான். பேத்தி கல்யாணத்துல அவங்க கையால பரிமாறக் கூடாதுன்னு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் சொன்னாரு. காரணம்? "கண்டதைத் துன்றவங்க." ஆயா ஒண்ணும் சொல்லலை. கரண்டியைக் கீழ வச்சிட்டு உள்ள போயிட்டாங்க. நான் அப்போ அங்க இலை போட்டுக்கிட்டு நின்னேன். நானும் ஒண்ணும் சொல்லலை.

பெரியப்பா அதே வார்த்தையைச் சொன்னப்போ எனக்கு ஏன் சுருக்குன்னுச்சுன்னு இப்போ புரியுதா? சாப்பாட்டைத் தீட்டுன்னு சொல்றவன் அதோட நிறுத்தறதில்லை. அடுத்து அதைச் சமைச்ச கையைச் சொல்றான். சாதியை உதறணும்னு கடல் தாண்டினவங்க குடும்பத்துக்கே திரும்பி வந்ததும் கிடைச்சது இதுதான்.

கடைக்காரருக்கும் ரெண்டு வார்த்தை

பெரியப்பாவை மட்டும் போட்டுத் தாக்கினா நியாயம் இல்லை. மெனுவுல ஒரு எழுத்து தமிழ் கிடையாது. நாங்க உள்ள நுழைஞ்சு பத்து நிமிஷம் கழிச்சுதான் தண்ணி வந்துச்சு. பின்னாடி வந்த வெள்ளைக்காரர் மேசைக்கு உடனே போச்சு. ஒரு கிண்ணம் 320 ரூபாய். மெஸ்ல மூணு பேரு வயிறு முட்டச் சாப்பிடலாம். ஐயா, ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க டிசம்பர்ல வருவாங்க, வெயில் ஏறினா கிளம்பிடுவாங்க. சித்திரை மாசம் உங்க கடையில உட்காரப் போறது நாங்கதான். பக்கத்துல ஆரணியில அரிசி கிடைக்குது, சேவை பிழியற கை ஊர் முழுக்க இருக்கு. சின்னக் கிண்ணம் ஒண்ணு 120க்குப் போடுங்க. மெனுவைத் தமிழ்ல எழுதுங்க. "அரிசி சேவை, கோழி சூப்பு"ன்னு எழுதினா எங்கம்மா தானே ஆர்டர் பண்ணுவாங்க.

அடுத்த மாசம் பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் பெரியப்பாவையும் கூட்டிட்டுப் போகப் போறேன். வர மாட்டேன்னுதான் சொல்றாரு. "பான் சேயோ"ன்னு சொல்லாம "மொறுமொறுன்னு ஒரு தோசை பெரியப்பா"ன்னு அம்மா சொல்லிப் பார்க்கறேன்னு இருக்காங்க.

டிஸ்கி: பிடிக்கலைன்னா சாப்பிடாதீங்க, அது உங்க இஷ்டம். எனக்கே அந்தப் பச்சைத் தழையெல்லாம் கொஞ்சம் ஓவராத்தான் இருந்துச்சு. பிடிக்கலைங்கறது வேற, தீட்டுங்கறது வேற. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.