வீட்டுக் கணிப்பொறியின் சாவி யாரிடம்?

எங்கள் கானாடுகாத்தானுக்கு வருவோர், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகளைக் கண்டு வியப்பார்கள். எங்களுக்கோ அவ்வீடுகளின் பூட்டுகளே வியப்பு! வளவும் முகப்பும் எல்லோர்க்கும் பொது. ஆனால் மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிச் சாவி, தனி அடுப்பு. அவன் குடும்பம் ஒரு 'புள்ளி'. பிணக்கினால் வந்த ஏற்பாடன்று இது. பிணக்கு வராதிருக்கச் செய்த ஏற்பாடு.

இந்த அறிவு கணிப்பொறி விஷயத்தில் மட்டும் எங்கே போயிற்று?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவியர் பலர் வீட்டிற்கு முதல் கணிப்பொறி அப்படித்தான் வந்தது. அக்காள் பெற்ற அத்தகைய பொறி ஒன்று எங்கள் தோழி வீட்டில் இன்றும் ஓடுகிறது. வீடு முழுவதற்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். சென்ற ஆண்டு அவள் தம்பி, விளையாட்டு ஏற்ற இடம் போதவில்லையென்று, அவள் மாதக்கணக்கில் தட்டெழுதிய கணக்குப்பதிவியல் குறிப்புகளை அழித்துவிட்டான். "உன்னுடையது என்று தெரியாதே அக்கா!" என்றான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு பொறியைப் பலர் பகிர்ந்த 1960களிலேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார்கள். இன்று விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஆளுக்கொரு கணக்குத் திறக்கலாம், செலவில்லை. சாதாரணக் கணக்கினர் பிறர் கோப்புகளைத் தொட முடியாது. பொறியின் அமைப்பையும் மாற்ற முடியாது. அவ்வுரிமை நிர்வாகிக் கணக்குக்கே உண்டு.

அந்த நிர்வாகி யார்? "அண்ணனுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று பல வீடுகளில் அவனிடம் தந்துவிடுகிறார்கள். நிர்வாகி நினைத்தால் எவர் பெட்டியையும் திறக்கலாம் என்பதை எவரும் எண்ணுவதில்லை. அம்மாவிடம் இருக்கட்டும் என்கிறோம் நாங்கள். அம்மாவுக்குக் கணிப்பொறி தெரியாதா? இடுப்பில் சாவிக்கொத்துச் செருகியிருந்த ஆச்சிமாருக்குப் பூட்டுச் செய்யவா தெரிந்திருந்தது? அம்மாவும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கிலேயே நுழைவது நன்று. நிர்வாகிக் கணக்கில் புகும் நச்சுநிரலுக்கு நிர்வாகியின் உரிமை முழுவதும் கிடைத்துவிடும்.

தோழி வீட்டில் இப்போது நான்கு கணக்குகள். நிர்வாகிக் கடவுச்சொல் ஒரு துண்டுத்தாளில், அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தம்பி வாரம் ஒருமுறை கெஞ்சுகிறான். குறிப்புகளில் பாதியை அவள் மீண்டும் தட்டெழுதிவிட்டாள்.