வேலை மெனக்கெட்ட வேலை

கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நிற்கிற ஆளிடம் எங்கள் மதுரைப் பக்கத்தில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி, "சர்வேக்கு வந்தீகளா?" நாலுவழிச் சாலைக்கு நிலம் போன ஊர் என்றால் இது கொஞ்சம் சூடாகவே வரும். இரண்டாவது, "கௌதாரி கிடைக்குதா?" மூன்றாவதை வாய்விட்டுக் கேட்பதில்லை. மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 'நல்ல குடும்பத்துப் பிள்ளையாத்தான் தெரியுது, பாவம்' என்று அதற்குப் பொருள்.

ஊருக்குள் நிலைமை இன்னும் மோசம். பக்கத்து வேப்பமரத்தில் மாங்குயில் கூடு கட்டியதை மொட்டை மாடியிலிருந்து நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் அந்த மரத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுச் சன்னலில் புதுத் திரை தொங்கியது. "குருவி பாக்குறேன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றாள் மனைவி. அன்றிலிருந்து மாடியில் வெறுங்கண்தான். பைனாகுலர் கண்மாயோடு சரி.

போன மாதம் அப்படி ஒரு கண்மாயில் நின்றிருந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சார், மீன்பாசி ஏலமா?"

"இல்லய்யா, பறவை பாக்க வந்தேன்."

"பாத்து?"

"எழுதி வச்சுக்குவேன்."

"எழுதி?"

அந்த 'எழுதி?'க்கு என்னிடம் பதில் இல்லை. "சும்மாதான்யா" என்றேன்.

"வேலை மெனக்கெட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக" என்றவர், கம்பை ஊன்றி நின்று, கண்மாய்க்குள் நின்ற கருவேல மரத்தைக் காட்டினார். "அந்தா இருக்குல்ல, நத்தைகொத்தி. போன வருசம் கண்மாய் பெருகல, அதுவும் கூடு வைக்கல. அது வாய மூடினாலும் நடுவுல சந்து தெரியும், பாருங்க." நான் பைனாகுலரை உயர்த்தினேன். நாரை அலகை மூடித்தான் வைத்திருந்தது. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அதற்குள் கருவேல இலையின் பச்சை தெரிந்தது. நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க வசதியாக அமைந்த வாய் அது. நீங்களும் பாருங்கள் என்று பைனாகுலரை நீட்டினேன்.

"எனக்கெதுக்கு சார்? கண்ணு நல்லாத்தானே இருக்கு."

பறவை பார்ப்பதை நம் ஆட்கள் கேலி செய்கிறார்கள் என்று பல வருடம் குறைபட்டிருக்கிறேன். அன்று வண்டி ஓட்டி வரும்போதுதான் உறைத்தது, அவர்கள் பார்க்காத ஆட்கள் இல்லை. என் அம்மாவையே எடுத்துக்கொள்ளலாம். செம்மண் நிற உடம்பு, வெள்ளைக் கழுத்து, வானத்தில் ஒரு வட்டம்: அடுத்த நொடி கை கன்னத்துக்குப் போய்விடும். கருட தரிசனம். அதே உயரத்தில் கரும்பருந்து சுற்றினால் கை அசையாது. பறக்கும் பருந்தை இரண்டு நொடியில் இனம் பிரிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அம்மாவிடம் புத்தகமும் கிடையாது, பைனாகுலரும் கிடையாது. காகம் கரைந்தால் விருந்தாளி, செம்போத்து குறுக்கே வந்தால் நல்லது, ஆந்தை அலறினால் கெட்டது என்று வீடு முழுக்கப் பறவைக் கணக்குதான்.

ஆகவே பிரச்சினை பார்ப்பதில் இல்லை, 'சும்மா' பார்ப்பதில் இருக்கிறது. சகுனத்துக்குப் பார்க்கலாம், சாமிக்குப் பார்க்கலாம், குழம்புக்குப் பார்க்கலாம். காரியம் ஒன்றும் இல்லாமல் ஒருவன் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு நம் நாட்டுக்குத் துப்பாக்கியோடுதான் வந்தது. காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம் பெரிய பறவையியலாளர். அவர் சேர்த்தவை சுட்டுப் பாடம் செய்த பறவைகள். பறவையியலாளர் சலீம் அலி சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்த அந்தக் குருவி என்ன இனம் என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அவருடைய வாழ்க்கையே திசை மாறியது. கௌதாரி கிடைக்குதா என்று கேட்கிற ஆள் வரலாறு தெரிந்துதான் கேட்கிறாரோ என்னவோ!

இன்று துப்பாக்கி போய் லென்ஸ் வந்திருக்கிறது. அதிலும் எல்லோரும் யோக்கியர் இல்லை. கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுப்பவர்களையும், கைபேசியில் குரலை ஓடவிட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பவர்களையும் நானே பார்த்திருக்கிறேன். இவர்களைவிடக் கௌதாரிக்காரர் தேவலை. தனக்கு வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும்.

சரி, பெரியவரின் 'எழுதி?'க்கு வருவோம். நாடு முழுக்கச் சுமார் 30,000 பேர் இப்படிச் சும்மா எழுதி இணையத்தில் ஏற்றிய குறிப்புகளை வைத்துத்தான் 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 942 இனங்களை அலசினார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தரவு இருந்தவை 338. அவற்றில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. மின்கம்பியில் நீலச் சிறகை மடக்கி உட்கார்ந்திருக்கும் பனங்காடையும் குறைந்துவரும் பட்டியலில் இருக்கிறது. எங்கும் இருப்பதால் யாரும் எண்ணாத பறவை அது. மயில் பெருகியிருக்கிறது என்கிறது அதே அறிக்கை. இதற்கு அறிக்கை வேண்டுமா, எங்கள் கடலைச் செடியைப் பார்த்தாலே தெரியுமே என்று விவசாயிகள் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் பெருகுவது தானாகவே கண்ணில் படும். குறைவது அப்படியில்லை, யாராவது எழுதி வைத்திருந்தால்தான் தெரியும்.

எழுதாமலே காத்தவர்களும் இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகளுக்காகப் பிள்ளைகளின் வெடியை விட்டுக்கொடுத்த ஊர்கள் அவை. பைனாகுலர் வாங்கிய காசைத் தவிர நான் என்ன விட்டுக்கொடுத்தேன் என்று யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. அவர்களுடைய காவலும் வேண்டும், எங்களுடைய நோட்டும் வேண்டும். ஒன்றில்லாமல் இன்னொன்று பாதிதான்.

பொங்கல் சமயத்தில் நான்கு நாள் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இதில் சேரப் பட்டம் வேண்டாம், பைனாகுலரும் வேண்டாம். மாடியிலோ வாசலிலோ பதினைந்து நிமிடம் நின்று, தெரிந்த பறவை எது, எத்தனை என்று குறித்து இணையத்தில் ஏற்றினால் போதும். யாராவது எதற்கென்று கேட்டால் தயங்காமல் 'சும்மா' என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் சோற்றுக்குக் காத்திருக்கும் காகமும் கணக்கில் சேரும்.